நாயின் புண்ணில் சீனி கொட்டலாமா?

"நாய்க்குப் புண்ணா? ஒரு கைப்பிடி சீனி போதும், டாக்டரே வேண்டாம்" என்று சொல்லும் காணொளிகள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகின்றன. கீழேயே யாராவது ஒருவர், "சர்க்கரை போட்டால் சீழ் வைக்கும், எறும்பு மொய்க்கும்" என்று பதில் போட்டிருப்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. சீனியும் தேனும் கால்நடை மருத்துவர்களே கையாளும் பொருட்கள்தான். ஆனால் அவை வேலை செய்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அது தெரியாமல் கொட்டினால் இரண்டாமவர் சொன்னதுதான் நடக்கும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் ஆட்களை இறக்கியது கரும்புத் தோட்டங்களுக்காக. அந்தக் கரும்பு இன்றும் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கரையோரம் நெடுக நிற்கிறது. எனவே சீனி இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் சாமான். கால்நடை மருத்துவர் அப்படி எல்லார் பக்கத்திலும் இல்லை. குழப்பம் ஆபத்தாக மாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் மூன்று நிலைகள்

"இன்ஃபெக்‌ஷன்" என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன.

1. புண்ணில் கிருமி இருப்பது. திறந்த எந்தப் புண்ணிலும் சில மணி நேரத்தில் கிருமி வந்து சேரும். அது மட்டுமே நோயாகிவிடாது.

2. புண்ணிலேயே தொற்று பிடிப்பது. சீழ், நாற்றம், சுற்றிலும் வீக்கம், சூடு, தொட்டால் வலி. கிருமி பெருகிச் சதையைத் தின்னத் தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் அந்த இடத்தோடு நிற்கிறது.

3. தொற்று உடம்புக்குள் பரவுவது. காய்ச்சல், தீனி எடுக்காமை, சோர்வு, வேகமான மூச்சு. கிருமியோ அதன் நஞ்சோ இரத்தத்தில் கலந்துவிட்டது.

சீனியும் தேனும் தொடும் இடத்தில் மட்டுமே வேலை செய்பவை. முதல் நிலையிலும், இரண்டாம் நிலையில் பெரும்பகுதியிலும் உதவும். மூன்றாம் நிலைக்கு வந்த விலங்கின் புண்ணில் எத்தனை கிலோ கொட்டினாலும் பயனில்லை. அதற்கு இரத்தத்தின் வழியாகப் போகும் மருந்து வேண்டும்.

எல்லாம் தண்ணீர்க் கணக்கு

ஊறுகாய் போடும் எந்த வீட்டிலும் இந்த அறிவியல் தெரியும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால் மறுநாள் ஜாடிக்குள் தண்ணீர் விட்டிருக்கும். உப்பு மாங்காயிலிருந்து நீரை இழுத்திருக்கிறது. சீனியும் அப்படியே இழுக்கும். புண்ணில் போட்டால் இரண்டு பக்கமும் இழுக்கிறது. கிருமியின் உடலிலிருந்து நீரை இழுத்து அதைப் பெருகவிடாமல் செய்கிறது. சதையில் கோத்திருக்கும் நீரையும் வெளியே இழுத்து வீக்கத்தைக் குறைக்கிறது. அப்படி உள்ளிருந்து வெளியே வடியும் நீர், செத்த சதையையும் அழுக்கையும் நெகிழ்த்திக் கொண்டுவந்துவிடும்.

இதை அளக்க 'நீர்ச் செயல்பாடு' என்று ஓர் அளவு இருக்கிறது. ஒரு பொருளில் உள்ள தண்ணீரில் எவ்வளவு கிருமிக்குப் பயன்படும் நிலையில் இருக்கிறது என்பதை அது காட்டும். சுத்த நீருக்கு 1. உடம்பின் திசுக்கள் கிட்டத்தட்ட 0.99. ஈ.கோலை போன்ற பல கிருமிகளால் 0.95க்குக் கீழே பெருக முடியாது. புண்களில் அதிகம் காணும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பிடிவாதக்காரக் கிருமி, 0.86 வரை தாங்கும்.

இனி சீனியைப் பாருங்கள். இனிமேல் கரையாது என்ற அளவுக்குச் சீனியைக் கரைத்த பாகின் நீர்ச் செயல்பாடு ஏறத்தாழ 0.85. அதாவது அந்தப் பிடிவாதக் கிருமியின் எல்லைக்கு ஒரு மயிரிழைதான் கீழே. புண்ணிலிருந்து கொஞ்சம் நீர் சேர்ந்து பாகு இளகினாலும் எல்லையைத் தாண்டிவிடும். அப்புறம் அது மருந்தாக இருக்காது. நீர்த்த சர்க்கரைத் தண்ணீர் கிருமிக்கு விருந்துச் சாப்பாடு. காணொளிக்காரரும் பதில் போட்டவரும் எங்கே பாதி பாதி சரி என்பது இப்போது விளங்கும். கெட்டியாக இருக்கும்வரை முன்னவர் கட்சி ஜெயிக்கும், இளகியபின் பின்னவர் கட்சி.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரே விதி போதும். கட்டைப் பிரிக்கும்போது புண்ணின் மேல் கரையாத சீனிக் குருணை கண்ணுக்குத் தெரிய வேண்டும். குருணை மிஞ்சியிருந்தால் பாகு முழு அடர்த்தியில் இருக்கிறது என்று பொருள். எல்லாம் கரைந்து வெறும் நீராக வழிந்தால் கட்டு மாற்றத் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

நாற்றம் குறைவதற்கும் ஒரு காரணம் உண்டு. சீழ்ப் புண்ணில் கிருமிகள் புரதத்தைத் தின்று அம்மோனியாவும் கந்தகச் சேர்மங்களும் வெளியிடுகின்றன. சர்க்கரை கிடைத்தால் அதை முதலில் தின்று லாக்டிக் அமிலம் வெளியிடும், அதற்கு அந்த நாற்றம் கிடையாது. கட்டுப் போட்ட ஓரிரு நாளில் நாற்றம் போய்விட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நாற்றம் போனதாலேயே தொற்று போய்விட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேன் ஏன் ஒரு படி மேல்

தேனில் தண்ணீர் 17, 18 விழுக்காடுதான். நீர்ச் செயல்பாடு 0.6 அளவில் இருக்கும். ஆகவே புண்ணின் நீர் கலந்தாலும் எல்லையைத் தாண்ட நேரமாகும். இதோடு நின்றிருந்தால் தேனைக் 'கொஞ்சம் கெட்டியான சீனி' என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் வேறு சில கருவிகளும் அதில் இருக்கின்றன.

1. அமிலத்தன்மை. பெரும்பாலான தேனின் பி.எச். 3.2 முதல் 4.5 வரை. பல கிருமிகளுக்கு இது பிடிக்காத சூழல்.

2. ஹைட்ரஜன் பெராக்சைடு. தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தேனில் சேர்க்கிறது. கெட்டித் தேனில் அது தூங்கும். நீர் கலந்தவுடன் விழித்து, குளுக்கோசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். சீனி தோற்கத் தொடங்கும் அதே தருணத்தில் தேன் இரண்டாவது ஆயுதத்தை எடுக்கிறது. இந்த நொதி சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் கெட்டுப்போகும். காய்ச்சி வடித்த தேனில் அது செத்திருக்கும்.

3. தாவரத்திலிருந்து வருபவை. நியூசிலாந்தின் மானுகா மரத்துத் தேனில் மெத்தில்கிளையாக்சல் என்ற பொருள் அதிகம். திசுக்களில் உள்ள கேட்டலேஸ் நொதி பெராக்சைடை உடைத்துவிட்டாலும் இது உடையாது. மானுகாவின் பேரும் விலையும் இதனால் வந்தவை.

தென்னாப்பிரிக்கத் தேன் எப்படி? கேப் பகுதியின் ஃபின்போஸ் புதர்க்காட்டுத் தேன் இரண்டு வகையை ஆய்வகத்தில் சோதித்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், மானுகா போன்ற தனிச்சிறப்பு எதுவும் தென்படவில்லை. "நம்ம ஊர் காட்டுத்தேன் எல்லாவற்றையும் விட மேல்" என்று சந்தையில் சொல்பவரிடம் தேன் வாங்கலாம், பேச்சை வாங்க வேண்டாம்.

மருத்துவர்கள் எங்கெல்லாம் கையாள்கிறார்கள்

தேனும் பஞ்சும் வைத்துப் புண் கட்டுவது எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸிலேயே இருக்கிறது, கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்டது. ஆண்டிபயாட்டிக் வந்தபின் இதெல்லாம் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்டது. 1980களில் அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் மனித மருத்துவர்கள் சீனியை மறுபடி எடுத்தார்கள். பாரிஸில் இதய அறுவைக்குப் பின் நெஞ்சுக்கூட்டில் சீழ் பிடித்த நோயாளிகளின் புண்ணில் சாதாரணச் சீனியை அடைத்துக் குணமாக்கிய விவரம் 1985ல் வெளியானது.

நமக்குப் பக்கத்து நாட்டு ஆள் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். மோசஸ் முராண்டு சிம்பாப்வேயில் ஏழ்மையில் வளர்ந்தவர். சிறுவயதில் அடிபட்டால் தன் தந்தை புண்ணில் உப்பு வைப்பார், கையில் காசிருக்கும் நாளில் சீனி வைப்பார், சீனி வைத்த புண் சீக்கிரம் ஆறியது என்று அவர் சொல்லியிருக்கிறார். பின்னாளில் பிரிட்டனில் செவிலியராகப் போய், வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கால்நடை மருத்துவர் மாரீன் மெக்மைக்கேல் அங்கே நாய் பூனைகளின் புண்களுக்குச் சீனியும் தேனும் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்.

கால்நடைகளில் அதிகம் பயன்படும் இடங்கள் இவை.

1. தோல் கிழிந்து சதை திறந்த பெரிய புண்கள். கரும்புக் காட்டுக்குள் மான் பிடிக்க வைக்கும் கம்பிக் கண்ணியில் நாய் மாட்டிக்கொண்டால் கம்பி கழுத்தையோ காலையோ சுற்றி அறுத்துவிடும். பல நாள் கழித்துத்தான் நாய் வீடு வந்து சேரும். அழுகிய சதையோடு இருக்கும் அப்படிப்பட்ட புண்ணை உடனே தைக்க முடியாது. முதலில் சுத்தமான சிவந்த சதை வளர வேண்டும். அந்த இடைக்காலத்துக்குச் சீனிக் கட்டு நல்ல கருவி.

2. குதிரையின் கீழ்க்கால் புண்கள். அங்கே சதைப்பற்று இல்லை, இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது மெதுவு. புண் மூடாமல் சதை மட்டும் குவியலாக வளர்ந்துவிடும். பழைய வைத்தியர்கள் துர்மாமிசம் என்று சொன்னது இதைத்தான். தேன் பற்றிய நல்ல கால்நடை ஆய்வுகள் பல குதிரைகளில் நடந்தவை. இஸ்ரேலில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளில், தையல் போடுமுன் புண்ணுக்குள் மருத்துவத் தேன் வைத்துப் பார்த்தார்கள். வைக்காத குதிரைகளைவிட வைத்தவற்றில் தொற்று குறைந்தது.

3. குதிரைக் குளம்பு. சீனியையும் பீட்டாடினையும் குழைத்த பசை குளம்பின் அடியில் வரும் அழுகலுக்கும் சீழ்க்கட்டிக்கும் நீண்டகாலமாகப் பயன்படுகிறது.

4. கன்று ஈன்ற மாட்டுக்குக் கர்ப்பப்பை வெளியே தள்ளுதல். வெளியே வந்த கர்ப்பப்பை நீர் கோத்துப் பெரிதாக வீங்கிவிடும், திரும்ப உள்ளே தள்ள முடியாது. மருத்துவர் அதைக் கழுவி மேலே சீனியைத் தாராளமாகக் கொட்டிக் காத்திருப்பார். நீர் வடிந்து சுருங்கியபின் உள்ளே தள்ளுவார். இங்கே கிருமியைப் பற்றிய பேச்சே இல்லை, நீரை இழுக்கும் குணம் மட்டும்தான் வேலை செய்கிறது. சீனி வைத்தியத்தில் கண்ணெதிரே பலன் தெரிவது இதில்தான் என்பது என் எண்ணம். ஆனால் உள்ளே தள்ளுவதை வீட்டார் செய்யப் பார்க்கக் கூடாது. கர்ப்பப்பையின் பெரிய இரத்தக் குழாய் கிழிந்தால் மாடு சில நிமிடங்களில் போய்விடும். டாக்டர் வரும்வரை சுத்தமான ஈரத்துணியால் மூடி, மாட்டை நடக்கவிடாமல் வைப்பதே வீட்டார் வேலை.

செய்முறை

மருத்துவர் பார்த்து "வீட்டிலேயே கட்டுங்கள்" என்று சொன்னபின் செய்வது இது.

1. புண்ணை நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீர் போதும். புண் ஆறுவதில் பாதிப் புண்ணியம் இந்தக் கழுவலுக்கு, ஆனால் பேர் வாங்குவது சீனி.

2. சாதாரண வெள்ளைச் சீனி. புதிதாகப் பிரித்த பொட்டலம், சுத்தமான கரண்டி. ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், வேண்டாம். வெல்லமும் கருப்பட்டியும் மண், தூசி, ஈரம் எல்லாம் சேர்ந்தவை. 'இயற்கையானது' என்று புண்ணுக்குள் வைக்க அவற்றில் ஒன்றுமில்லை.

3. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அடுக்க வேண்டும். மேலாகத் தூவுவது வீண், கொஞ்ச நேரத்தில் நீராகிவிடும்.

4. மேலே நீரை நன்றாக உறிஞ்சும் கட்டு. குழந்தைகளின் டயப்பரை வெட்டி வைப்பவர்கள் உண்டு, அது நல்ல யோசனைதான். காலில் கட்டினால் இறுக்கக் கூடாது. விரல்கள் வீங்கினாலோ குளிர்ந்தாலோ உடனே பிரிக்க வேண்டும்.

5. தொடக்கத்தில் நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை மாற்ற வேண்டும். கட்டின் வெளிப்பக்கம் ஈரம் கண்டால் நேரம் பார்க்க வேண்டாம், உடனே மாற்ற வேண்டும். தேன் என்றால் நீர் குறைந்தபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும்.

6. அடியில் சிவந்த, குருணை குருணையான புதுச் சதை வந்தவுடன் சீனியை நிறுத்த வேண்டும். அதற்குமேல் வைத்தால் புதிதாக வளரும் தோலை அது உலர்த்திவிடும்.

கட்டாமல் திறந்து விடுவது டர்பன் வெயிலில் ஈயைக் கூப்பிடுவதற்குச் சமம். இனிப்புக்கு எறும்பும், சீழுக்கு ஈயும் வந்து, இரண்டு நாளில் புண்ணில் புழு வைத்துவிடும். நாய் நக்குவதும் ஒரு தொல்லை. சீனியை நக்கினால் கேடில்லை, கட்டைப் பிய்த்து விழுங்கினால் குடலில் அடைக்கும். கழுத்துக் கூம்பு போட்டுவிடுவது நல்லது.

சீனி நீரை இழுக்கிறது என்றால் அந்த நீர் விலங்கின் உடம்பிலிருந்துதான் போகிறது, புரதமும் கூடவே போகிறது. பெரிய நாயின் உள்ளங்கை அளவுப் புண்ணுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சிறிய பூனைக்குட்டியின் முதுகு முழுக்கப் புண் என்றால் நீரிழப்பே ஆளைக் கொல்லலாம். முதல் சில நாள் கட்டின்போது எரிச்சலும் இருக்கும், சாதுவான நாயும் கடிக்க வரும்.

போடவே கூடாத இடங்கள்

இதில் முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

1. கடிபட்ட புண். குவாசுலு-நட்டாலில் நாய் வெறிநோய் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. உங்கள் நாயை எந்த விலங்கு கடித்தது என்று தெரியாவிட்டால், அதைச் சாதாரணப் புண்ணாக நினைக்கக் கூடாது. கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அந்த எச்சில் உங்கள் கையில் உள்ள சிறு கீறலில் பட்டாலும் ஆபத்துதான். பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி தொடங்கியபின் வெறிநோய்க்குச் சிகிச்சை என்று ஒன்றில்லை. சீனிக் கட்டு கட்டுபவரின் விரல்கள் நாளுக்கு இருமுறை அந்தப் புண்ணுக்குள் போய்வரும் என்பதை யோசித்துப் பாருங்கள். நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது தென்னாப்பிரிக்கச் சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. கடிபட்ட விலங்கைப் பற்றி அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

2. குத்துக்காயம். ஆணி, முள், பூனைப்பல் ஏற்படுத்தும் காயங்களுக்கு வாய் சிறியது, ஆழம் அதிகம். சீனி உள்ளே போகாது, மேல்வாயை மட்டும் அடைக்கும். காற்றில்லாத ஆழத்தில் வளரும் வில்வாத (டெட்டனஸ்) கிருமிக்கு அதுவே வசதி. குதிரையும் ஆடும் வில்வாதத்துக்கு எளிதில் ஆளாகும்.

3. பாம்புக்கடி. பஃப் ஆடர் விரியனும் மொசாம்பிக் நாகமும் கடித்த இடத்தில் சதை அழுகும். முதல் நாட்களில் வேலை மருத்துவமனையில்தான். அழுகல் நின்றபின் புண்ணை ஆற்றும் கட்டத்தில் தேனுக்கு இடமிருக்கலாம், அதை மருத்துவர் சொல்வார்.

4. புதுத் தீப்புண். அறுவடைக்கு முன் கரும்பைக் கொளுத்தும் நாட்களில் விலங்குகள் தீயில் மாட்டுவதுண்டு. முதலில் ஓடும் குளிர்ந்த நீர், வேறெதுவும் வேண்டாம். சீனி சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும்.

5. இரத்தம் நிற்காத புண், எலும்போ மூட்டோ தெரியும் புண், நெஞ்சையோ வயிற்றையோ துளைத்த புண்.

கடைத் தேனும் மருத்துவத் தேனும்

"தேன் கெடாது, அதனால் சுத்தம்" என்பது பரவலான நம்பிக்கை. கெடாது என்பது சரி. சுத்தம் என்பது தவறு. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் குதிரைப் புண் கிருமிகளின் மேல் சோதிக்க 29 தேன் வகைகளைச் சேகரித்து 2014ல் வெளியிட்டார்கள். அவற்றில் 18 வகைகளில் பாக்டீரியாவோ பூஞ்சையோ இருந்ததால் சோதனைக்கே எடுக்காமல் ஒதுக்கினார்கள். மிஞ்சிய 11ல் பெரும்பாலானவை நன்றாகவே வேலை செய்தன. தேனில் கிருமி பெருகாது. ஆனால் வித்துநிலையில் உறங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வித்துகளில் நாம் அஞ்சவேண்டியது பொட்டுலிசம் நோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். தென்னாப்பிரிக்க மாட்டுக்காரர்களுக்கு இந்தக் கிருமி புதிதல்ல. பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் செத்த விலங்கின் எலும்பைக் கடித்து, கால் விழுந்து சாகும் 'லாம்சீக்ட' நோய் இந்தக் கிருமி விடும் நஞ்சால் வருவது. 1908ல் ஒண்டர்ஸ்டபூர்ட் ஆய்வகத்தை நிறுவிய ஆர்னல்ட் தைலர் அதை ஆராய்ந்து புகழ்பெற்றவர். குதிரையும் இந்த நஞ்சைத் தாங்காது. எனவே மருத்துவத் தேனைக் காமா கதிரில் வைத்து வித்துகளை அழிக்கிறார்கள். கதிர் வித்தைக் கொல்லும், நொதியைப் பெரிதாகக் கெடுக்காது. சூடாக்கினால் நொதி போய்விடும்.

இங்கே ஒரு வேடிக்கை. தென்னாப்பிரிக்காவுக்குள் வரும் எல்லா இறக்குமதித் தேனும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட வேண்டும் என்பது விதி. லேபிளில் 'ராடுரைஸ்டு' என்று போட்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் கடைத் தேனே மருத்துவத் தேன்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அந்த விதி உள்ளூர்த் தேனீக்களை அமெரிக்கன் ஃபௌல்புரூட் என்ற, தேனீயின் இளம்புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா நோயிலிருந்து காக்க வந்தது. அதற்குக் கொடுக்கும் கதிரளவு சுமார் 10 கிலோகிரே. மருத்துவத் தேனுக்குச் சுமார் 25. மேலும் கடைத் தேன் புட்டியில் அடைக்குமுன் சூடாக்கப்பட்டிருக்கலாம், பாகு கலந்திருக்கலாம். கையில் மருத்துவத் தேன் இல்லை, கடைத் தேனும் சீனியும்தான் இருக்கின்றன என்றால், நான் சீனியைத்தான் எடுப்பேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு

காரணம் ஆண்டிபயாட்டிக். நாய்த்தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் கிருமியில் பல மருந்துகளுக்கும் மசியாத ரகங்கள் உலகெங்கும் வந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்படி, கால்நடைக்கான சில ஆண்டிபயாட்டிக்குகள், டெட்ராசைக்ளின் வகை உட்பட, நீண்டகாலமாக மருந்துச் சீட்டு இல்லாமலே விவசாயக் கூட்டுறவுக் கடைகளில் கிடைத்துவருகின்றன. ஆடு நொண்டினால் ஓர் ஊசி, மாடு இருமினால் ஓர் ஊசி என்று போட்டுக்கொள்வதில் கிருமி பழகிவிடுகிறது. நீரை இழுத்துக் கொல்லும் முறைக்குக் கிருமி அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. மேல்புண்ணுக்குச் சீனியோ தேனோ போதுமென்றால், ஓர் ஊசி மிச்சம்.

ஆனால் நாடு முழுவதற்கும் கால்நடை மருத்துவப் படிப்பு பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் மட்டும்தான். 2016லிருந்து புதுப் பட்டதாரிகள் ஓராண்டு கட்டாயச் சமூகப் பணி செய்கிறார்கள். அப்படியும் கிராமப்புறத்தில் ஒரு ஆட்டுக்காரருக்கு மருத்துவர் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறார். அவரிடம் "சீனி போடாதே, டாக்டரைப் பார்" என்று சொல்வதில் பயனில்லை. மேலே சொன்ன ஐந்து இடங்களை அவர் அடையாளம் காண வேண்டும், அவ்வளவுதான்.

வாய்வழிச் சர்க்கரை: மானோஸ், சைலிட்டால்

'இயற்கைச் சர்க்கரை' என்ற பெயரில் உள்ளுக்குக் கொடுப்பவையும் விற்பனைக்கு வருகின்றன. சிறுநீர்த் தொற்றுக்கு டி-மானோஸ் ஒன்று. ஈ.கோலை கிருமி தன் மயிரிழைகளின் நுனியால் சிறுநீர்ப்பைச் சுவரில் உள்ள மானோசைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். சிறுநீரிலேயே மானோஸ் மிதந்தால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும் என்பது கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. பிரிட்டனில் திரும்பத் திரும்பத் தொற்று வந்த 598 பெண்களிடம் சோதித்து 2024ல் வெளியிட்டபோது, மானோஸ் எடுத்தவர்களுக்கும் வேறு சர்க்கரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாய்க்கு மட்டும் வேலை செய்யும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சைலிட்டால் விஷயம் வேறு. தாவரங்களிலிருந்து எடுக்கப்படுவது, 'இயற்கை இனிப்பு' என்றே லேபிளில் வரும். மனிதருக்குக் கேடில்லை. நாய்க்கு நஞ்சு. நாயின் கணையம் அதைக் குளுக்கோஸ் என்று எண்ணி இன்சுலினைக் கொட்டிவிடும், இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடி விழும். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராமே இதற்குப் போதும், 0.5 கிராமுக்கு மேல் போனால் ஈரல் கெடலாம். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராம், அதாவது சில வகைச் சூயிங்கத்தில் ஒன்றே ஒன்று. புண்ணுக்கு வைக்கும் 'சீனி' சர்க்கரை நோயாளிகளுக்காக வாங்கிவைத்த டப்பாவிலிருந்து வந்ததா என்று பார்ப்பது அவசியம். நாய்க்கு மாத்திரையை ஒளித்துக் கொடுக்க எடுக்கும் கடலை வெண்ணெயின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். சைலிட்டால் என்று எழுதாமல் 967 என்ற எண் மட்டும் போட்டிருப்பதும் உண்டு.